பெட்போர்ட் ஓடிய காலம்

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

மட்டக்களப்புக்குத் தெற்கே ரயில் இல்லை. 1928இல் மட்டக்களப்பு வரை வந்த தண்டவாளம் அங்கேயே நின்றுவிட்டது. காத்தான்குடி, கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, பொத்துவில் என்று கரையோரம் நீண்டு கிடக்கும் நமது ஊர்களுக்கு ரயில் சத்தம் கேட்டதே கிடையாது. நாட்டின் நெற்களஞ்சியம் என்று நம்மைப் பெருமையாகச் சொல்வார்கள். அந்தக் களஞ்சியத்துக்கு இருந்த வாசல் வீதி ஒன்றுதான். நெல்லை வெளியே கொண்டுபோனதும் லொறி. சீனி, மா, மண்ணெண்ணெய், சீமெந்து தொடக்கம் கல்யாணப் புடவை வரை உள்ளே கொண்டுவந்ததும் லொறி. இதை மனதில் வைத்துக்கொண்டால்தான் ஒரு காலத்தில் நமது ஊர்களில் 'லொறிக்காரர் வீடு' என்ற சொல்லுக்கு ஏன் அவ்வளவு மதிப்பிருந்தது என்று விளங்கும்.

நாம் எழுதிவைத்திருக்கும் ஊர் வரலாறுகளைப் புரட்டிப் பாருங்கள். பள்ளிவாசல் எப்போது கட்டப்பட்டது, வன்னிமை யார், உடையார் யார், மரைக்கார்மார் யார் யார், முதல் ஆசிரியர், முதல் டொக்டர், முதல் எம்.பி. எல்லாம் இருக்கும். லொறி பற்றி ஒரு வரி இருக்காது. இருந்தாலும் ஒரு ஹாஜியாரின் பெயருக்குப் பின்னால் 'லொறி உரிமையாளர்' என்று ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த லொறியை ஓட்டியவர் யார், ஏற்றத்தில் சில்லுக்குக் கட்டை வைத்தவர் யார் என்று நாம் கேட்டதில்லை.

பிள்ளைகளுக்குத் தவளம் பற்றிச் சொல்லிக்கொடுக்கிறோம். கண்டி இராச்சிய காலத்தில் கரையோரத்து உப்பையும் கருவாட்டையும் புடவையையும் பொதிமாடுகளில் ஏற்றிக்கொண்டு காடு கடந்து மலைநாட்டுக்குப் போய், பாக்கும் மற்ற மலைநாட்டுச் சாமான்களும் ஏற்றிக்கொண்டு திரும்பிய வணிகம் அது. அதில் முஸ்லிம்களின் பங்கு பெரியது. கண்டி மன்னர்களின் நிருவாகத்தில் பொதிமாட்டுப் போக்குவரத்துக்கென்றே 'மடிகே பத்த' என்று ஒரு பிரிவு இருந்தது. அதில் பெரும்பாலும் நம்மவர்களே இருந்தார்கள். பேராசிரியை லோர்னா தேவராஜா இதை விரிவாக எழுதியிருக்கிறார். 1626இல் போர்த்துக்கேயர் விரட்டிய முஸ்லிம்களில் 4,000 பேரை செனரத் மன்னன் மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றியதும் நமக்குத் தெரிந்த செய்திதான். ஆகவே மலைக்கும் கரைக்கும் நடுவே சாமான் சுமப்பது நமக்கு நேற்று வந்த தொழில் இல்லை. மாட்டின் முதுகில் இருந்த பொதி லொறிக்கு மாறியது, அவ்வளவுதான்.

தவளத்துக்கும் லொறிக்கும் நடுவே மாட்டு வண்டியும் வள்ளமும் இருந்தன. சம்மாந்துறை என்ற பெயரே சம்பான்கள் வந்த துறை என்பதிலிருந்து வந்தது என்பது ஊர் வழக்கு. இன்று மீன்பிடிக்கு மட்டும் நினைக்கப்படும் மட்டக்களப்பு வாவி அந்தக் காலத்தில் ஒரு பெருந்தெருவாகவே இருந்திருக்கிறது.

பிறகு இரண்டு விஷயங்கள் அடுத்தடுத்து வந்தன. 1948இல் அரசாங்கம் நெல்லுக்கு உத்தரவாத விலைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கியது. இங்கினியாகலையில் அணை எழுந்து, சேனாநாயக்க சமுத்திரம் நிறைந்து, வாய்க்கால் வழியே தண்ணீர் வந்தது. (கல்லோயாவின் குடியேற்ற அரசியல் தனிக்கதை. அதை இந்தப் பதிவில் எடுக்கவில்லை.) நெல் கூடியது, ஹிங்குராணையில் சீனி ஆலை வந்தது, 1956இல் வாழைச்சேனையில் காகித ஆலை வந்தது. காகிதம் செய்ய வைக்கோல் வேண்டும். அதுவரை களவெட்டியில் கொளுத்திய வைக்கோலுக்கும் ஒரு விலை கிடைத்தது. வைக்கோல் ஏற்றிய லொறியை எதிரில் கண்டவர்களுக்குத் தெரியும்: லொறி தெரியாது, ஒரு வைக்கோற்சூடு தானாக நடந்து வருவது போலிருக்கும். அதன் உச்சியில் கிளீனர் படுத்துக்கொண்டு மின்கம்பி வரும்போதெல்லாம் குரல் கொடுத்துக்கொண்டே வருவார்.

1958ஆம் ஆண்டையும் சொல்ல வேண்டும். அந்த வருடம் ஜனவரி 1ஆம் திகதி நாட்டின் பஸ்கள் அரசுடைமையாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை பிறந்தது. லொறியை அரசாங்கம் எடுக்கவில்லை. அதனால் காணி விற்ற காசோ, நகை ஈடு வைத்த காசோ, காக்கா தம்பிமார் மூவர் சேர்த்த காசோ இருந்தால் ஒரு குடும்பம் பிழைக்க வழி ஒன்று திறந்தே இருந்தது. அதே காலத்தில்தான் வாகன நம்பரில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து வந்தது. தமிழரசுக் கட்சி எதிர்ப்புப் போராட்டம் நடத்தியது. இங்கே சிங்கள எழுத்தை அழித்துத் தமிழ் ஸ்ரீ எழுதினார்கள். தெற்கில் பதிலுக்குத் தமிழ் எழுத்துகளின்மேல் தார் பூசினார்கள். மே மாதம் நாடே எரிந்தது. காலையில் தமிழ் ஊர், மாலையில் சிங்கள ஊர் என்று இரண்டு பக்கமும் ஓட வேண்டிய லொறிக்காரருக்கு நெற்றியில் இருந்த அந்த ஓர் எழுத்து எப்படிக் கனத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இனி பெட்போர்ட்டுக்கு வருவோம்.

நமது பெரியவர்களுக்கு லொறி என்றால் பெட்போர்ட்தான். ஒஸ்டின், கொமர், போர்ட் தேம்ஸ் என்று வேறு பெயர்களும் சொல்வார்கள். ஆனால் பெட்போர்ட் என்று சொல்லும்போது குரலே வேறு. இங்கிலாந்தின் லூட்டன் நகரில் வொக்ஸோல் கம்பனி 1931இல் இந்தப் பெயரில் லொறி செய்யத் தொடங்கியது. வொக்ஸோல் அப்போது அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸுக்குச் சொந்தம். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியப் படைகளுக்கு மட்டும் ஏறக்குறைய 250,000 பெட்போர்ட்கள் போயின. அந்தப் பேர்தான் பிறகு ஆசியா, ஆபிரிக்கா எங்கும் அதை விற்றுக்கொடுத்தது. 1958இல் டீஜே வகை வந்தது. முன்னால் மூக்கு நீண்ட லொறி. ஜே4, ஜே5, ஜே6 என்று நம்மவர்கள் எண்ணிச் சொல்வது அதைத்தான். பாகிஸ்தானில் இதே லொறிக்கு 'றொக்கட்' என்று பெயர் வைத்து, கண்ணாடியும் மணியும் சித்திரமுமாக மணப்பெண் போல அலங்கரித்தார்கள். 1960ஐ ஒட்டி மூக்கில்லாத டீகே வந்தது. அதன் இன்ஜின் இருக்கைக்குப் பின்னால் இருக்கும்.

ஏன் அதன்மேல் இவ்வளவு பாசம்? எளிமைதான் காரணம் என்று நாம் நினைக்கிறோம். ஜே லொறியின் மூக்கைத் தூக்கினால் இன்ஜின் முழுவதும் கண்ணுக்கு முன்னால் கிடக்கும். நான்கு சாவி, ஒரு சுத்தியல், கொஞ்சம் கம்பி இருந்தால் மரத்தடியில் வைத்தே கழற்றிப் பூட்டலாம். பற்றரி செத்தால் முன்னால் ஹேண்டிலைச் செருகிச் சுழற்றி ஸ்டார்ட் எடுக்கலாம். (ஹேண்டில் எதிர்ப்பக்கம் அடித்துக் கை முறிந்தவர்களும் ஊருக்கு ஊர் இருந்தார்கள்.) வெளிநாட்டுச் செலாவணி நெருக்கடியால் 1960களிலிருந்து இறக்குமதி இறுகிக்கொண்டே வந்தது, 1970க்கும் 1977க்கும் இடையில் கழுத்தைப் பிடித்தது. புது லொறி இல்லை, உதிரிப்பாகமும் இல்லை. அந்த நேரத்தில் பெட்போர்ட்டை உயிரோடு வைத்தவர்கள் நமது பாஸ்மார். ஒரு லொறியின் வில்லுத் தகடு இன்னொரு லொறிக்குப் போகும். உடைந்த பாகத்தை லேத்தில் போட்டுப் புதிதாகக் கடைந்து எடுப்பார்கள். லூட்டனில் செய்த இயந்திரத்தில் பாதிக்குமேல் கல்முனைப் பட்டறையிலேயே பிறந்ததாக ஆகிவிடும்.

பின்னால் உள்ள மரப் பொடியை இங்கேயேதான் கட்டினார்கள். தச்சர் அதைக் கட்டி முடித்தபின் பெயின்டர் வருவார். நெற்றியில் 786, கதவில் உரிமையாளர் பெயரும் ஊரும். அதன் பிறகு அந்த லொறிக்கு அந்த உரிமையாளரின் பெயர்தான். இன்னார் லொறி வந்துவிட்டது, இன்னார் லொறி பதுளையில் பிரேக் டவுன் என்றுதான் செய்தி வரும். ஓட்டியவர் ஒரு றைவர், அவ்வளவே.

அறுவடைக் காலத்தில் லொறி வயலுக்கே இறங்கும். போடியார் குடையோடு வரம்பில் நிற்பார், முல்லைக்காரர் சாக்குப் பிடிப்பார், நாட்டாமைமார் கொளுக்கியால் குத்தித் தூக்கி முதுகில் போட்டுப் பலகை வழியே ஏறுவார்கள். ஒரு புசல் நெல் ஏறக்குறைய 21 கிலோ. ஐந்து தொன் லொறி என்றால் கணக்குப்படி 240 புசல் ஏற்றலாம். கணக்குப்படி ஏற்றியவர்களைக் கண்டவர் யாரும் இருந்தால் சொல்லுங்கள். ஏற்றி முடிந்ததும் படங்கு விரித்து, கயிறு போட்டு, ஒருவர் மேலேயிருந்து இழுக்க ஒருவர் கீழேயிருந்து முறுக்குவார். அந்தக் கட்டுத் தளர்ந்தால் வளைவில் பாரம் ஒரு பக்கம் சாயும். லொறியும் சேர்ந்து சாயும். நல்ல கிளீனர் என்று பெயரெடுப்பது அந்தக் கட்டில்தான்.

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை, பொத்துவில் வழியாக மட்டக்களப்பு வரும் ஏ4 வீதி ஏறக்குறைய 430 கிலோமீற்றர். இன்று வானில் ஏறி நித்திரை கொண்டு எழும்பினால் கொழும்பு. அன்று நிறைபாரத்தோடு போகும் பெட்போர்ட்டுக்கு அது ஒரு இரவும் ஒரு பகலும். சில வேளை அதற்கும் மேல்.

அக்கரைப்பற்றிலிருந்து பொதுவாக அஸருக்குப் பின் கிளம்புவார்கள். பொத்துவில் தாண்டி லகுகலைக் காட்டுக்குள் நுழையும்போது இருட்டிவிடும். அங்கே யானை வீதியின் குறுக்கே நிற்கும். ஹோர்ன் அடிக்கக் கூடாது என்பது எழுதாத சட்டம். லைட்டைக் குறைத்து, இன்ஜினை ஓடவிட்டு, அது போகும்வரை ஓதிக்கொண்டு இருப்பதுதான். சியம்பலாண்டுவையில் தேத்தண்ணீர். நமது றைவர்மாரின் குரலைக் கேட்டே சீனி எவ்வளவு போட வேண்டும் என்று தெரிந்த சிங்களக் கடைக்காரர்கள் அங்கே இருந்தார்கள். நோன்பு காலத்தில் ஸஹருக்கு அந்தக் கடையில் சோறு மூடி வைத்திருப்பார்கள் என்று பழைய றைவர்மார் பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அவர்களிடம் சிங்களம் எங்கே படித்தீர்கள் என்று கேட்டால் வீதியில் என்பார்கள்.

வெல்லவாய கடந்ததும் மலை தொடங்கும். கொஸ்லாந்தை வழியாகப் பெரகலை வரை ஏற்றம். முதலாம் கியர், இரண்டாம் கியர், மறுபடி முதலாம் கியர். இரண்டு தடவை கிளச் மிதித்து, இன்ஜின் சத்தத்தைக் காதால் அளந்து, அந்த நொடியில் கியரைப் போட வேண்டும். தவறினால் லொறி நின்றுவிடும், நின்றால் பின்னால் உருளும். அதற்காகத்தான் கிளீனர் கையில் ஒரு மரக்கட்டையோடு பின்பக்கத்தில் தொங்கிக்கொண்டு வருவார். லொறி திணறும்போதே குதித்து ஓடி, பின்சில்லுக்குக் கட்டையை வைக்க வேண்டும். மழை இரவில், சேற்றில், வெறுங்காலோடு. கட்டை வழுக்கினால் கையோ காலோ போகும். இதைச் செய்தவர்களில் பலருக்கு வயது பதினைந்துகூட இல்லை.

அந்த ஏற்றத்தில் தியலும நீர்வீழ்ச்சி வீதியோரமாகவே விழுகிறது. 220 மீற்றர் உயரம். இன்று நமது பிள்ளைகள் சுற்றுலாப் போய்ப் படமெடுக்கும் இடம். லொறிக்காரருக்கு அது கொதிக்கும் ரேடியேட்டருக்குத் தண்ணீர் எடுக்கும் இடம், சுபஹுக்கு வுழூச் செய்யும் இடம். தொழுகை விஷயத்திலும் ஒரு பேச்சு இருந்தது. வாழ்க்கை முழுக்கப் பயணத்திலேயே இருப்பவர் கஸ்ர் தொழலாமா என்று ஹஸ்ரத்மாரிடம் கேட்பார்களாம். நமது ஷாபிஈ மத்ஹபில் இரண்டு மர்ஹலா தூரம் தாண்டினால் போதும், ஜம்உம் கஸ்ரும் உண்டு. லகுகலைக்கும் பெரகலைக்கும் நடுவே அந்தச் சலுகையின் அருமை தெரிந்தவர்கள் அவர்கள்.

பெரகலைக்குப் பிறகு ஹல்துமுல்லை, பலாங்கொடை. அங்கிருந்து ஜெய்லானிக்குப் பாதை பிரிகிறது. கந்தூரிக் காலத்தில் நெல் ஏற்றிய அதே லொறியில் பாய் விரித்துக் குடும்பம் குடும்பமாகப் போயிருக்கிறார்கள். இறக்கத்தில் வேறு சோதனை: பிரேக் சூடேறி மணக்கத் தொடங்கும். ஏறிய கியரிலேயே இறங்கு என்பது பாலபாடம். இரத்தினபுரியில் களுகங்கை பெருகியிருந்தால் இரண்டு நாள் அங்கேயே காவல்.

கண்டிக்குப் போகிறவர்கள் மஹியங்கனை வழியாகப் பதினெட்டு வளைவு ஏறுவார்கள். அது ஒரு தனிப் பதிவுக்குரியது. கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து உறவுகளுக்கு மலை இல்லை, 'பாதை' இருந்தது. ஆற்றுக்கு ஆறு லொறியைப் பாதையில் ஏற்றி அக்கரை சேர்க்க வேண்டும். காத்திருந்தே ஒரு நாள் போகும். 2009இல் 396 மீற்றர் நீளக் கிண்ணியாப் பாலம் திறந்தபோது முதிய லொறிக்காரர்கள் ஏன் கண் கலங்கினார்கள் என்று இளையவர்களுக்கு விளங்கியிருக்காது.

கொழும்பு என்றால் புறக்கோட்டை. நான்காம் குறுக்குத் தெரு, பழைய சோனகத் தெரு, கெய்சர் வீதி, ஐந்துலாம்புச் சந்தி. நெல்லையோ அரிசியையோ இறக்கிவிட்டு, றைவர் இடுப்பு வாரிலிருந்து ஒரு கட்டுத் துண்டுக் கடதாசிகளை எடுப்பார். ஊரில் இருபது, முப்பது கடைக்காரர் கொடுத்துவிட்ட துண்டுகள். இன்னாருக்குச் சீனி இரண்டு மூட்டை, இன்னாருக்குப் பருப்பு, இன்னாருக்கு ஆணி, பூட்டு, பிணைச்சல். சிலரின் காசு முடிச்சில் இருக்கும், சிலரின் காசு அடுத்த நடைக்கு வரும். புறக்கோட்டை முதலாளி, ஊர்க் கடைக்காரரை ஒரு தடவைகூடக் கண்டிருக்க மாட்டார். றைவரின் முகத்துக்குச் சாமான் கொடுத்தார். பல இலட்சம் பெறுமதியான வியாபாரம் கையெழுத்தில்லாமல், வங்கியில்லாமல், ஒரு சம்பளக்காரரின் வாய்ச்சொல்லில் நடந்தது. அவருக்கு நடைக்கூலியும் பத்தாவும்தான் சொந்தம்.

வியாபாரத்தோடு நிற்கவில்லை. மருந்துச் சீட்டு, கொழும்பு ஆஸ்பத்திரியில் கிடக்கும் உம்மாவுக்கு ஒரு போத்தல் தேன், சம்பந்தம் பேசப்போன இடத்துப் பதில், மருதமுனைத் தறியில் நெய்த சாரங்கள், பெருநாளைக்குப் பிள்ளையின் சப்பாத்து அளவாக வெட்டிய ஈர்க்குத் துண்டு எல்லாம் அந்த லொறியில் போய்வந்தன. லொறி ஊருக்குள் நுழையும் சத்தம் கேட்டால் பிள்ளைகள் தெருவுக்கு ஓடிவருவார்கள். முப்பதுகளில் இருக்கும் எங்கள் வயதினர் அந்தச் சத்தத்தின் கடைசிப் பகுதியைக் கேட்டவர்கள்.

1970களின் அரிசித் தடையை மறந்துவிட முடியாது. 1971இல் நெல் சந்தைப்படுத்தும் சபை வந்தது. நெல் வாங்குவது அதன் ஏகபோகம் ஆனது. உலகமெங்கும் உணவுத் தட்டுப்பாடு, நாட்டில் கூப்பன் அரிசி வெட்டு. தனியார் நெல்லோ அரிசியோ மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுபோகத் தடை. வீதிக்கு வீதி மரம் போட்டு மறித்துச் சோதித்தார்கள். சிங்கள மக்கள் அதை இன்றும் 'ஹால் பொல்ல' என்றுதான் நினைவுபடுத்துகிறார்கள். பஸ்ஸில் போகும் பெண்ணின் பையில் இருந்த சில கொத்து அரிசிகூடப் பறிபோனது. அரிசியால் வாழ்ந்த நமது ஊருக்கு அந்தச் சட்டம் என்ன செய்திருக்கும்! வைக்கோலுக்குக் கீழே, விறகுக்குக் கீழே அரிசி போனது. பிடிபட்டால் லொறி பறிமுதல், றைவருக்கு மறியல். இதைக் கள்ளக்கடத்தல் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். பசித்த ஊருக்கு அரிசி போனது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டிலும் உண்மை இருக்கிறது. மறியலுக்குப் போனவர் உரிமையாளர் இல்லை என்பது மட்டும் இரண்டு கதையிலும் பொதுவாக வருகிறது.

இந்த இடத்தில் ஆசிரியர் என்ற முறையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாம் படிப்பிக்கும் பாடசாலையின் பழைய சேர்விடாப்புகள் சில இன்னும் அலுமாரியில் இருக்கின்றன. 1960களிலும் 70களிலும் சேர்ந்த ஆண் பிள்ளைகளின் பெயர்களுக்கு நேரே 'விலகிய காரணம்' என்ற கட்டத்தில் திரும்பத் திரும்ப ஒரே சொல்: தொழில். ஐந்தாம் வகுப்பு, ஆறாம் வகுப்பு. வயலுக்கும் கடலுக்கும் போனவர்கள் உண்டு. லொறிக்குக் கிளீனராகப் போனவர்களும் அதற்குள் இருக்கிறார்கள். அந்தப் பாடசாலையின் முதல் கல் கட்டடத்துக்குச் சீமெந்தும் மணலும் இலவசமாக ஏற்றிக் கொடுத்ததும் லொறிகள்தான். ஒரு கையால் கட்டடம் கொடுத்து மறு கையால் பிள்ளையைக் கொண்டுபோயிருக்கிறது. பெட்போர்ட்டின் படம் போட்டு 'அது ஒரு கனாக்காலம்' என்று எழுதும்போது நமக்கு அந்தக் கட்டம் நினைவுக்கு வருகிறது. கிளீனர் பையன் முதலில் தேத்தண்ணீர் வாங்குவான், பிறகு சில்லுக் கழற்றுவான், பிறகு அடி வாங்கி வாங்கி ஸ்டியரிங் பிடிப்பான். இருபது வயதில் றைவர். நாற்பத்தைந்தில் முதுகெலும்பு தேய்ந்து வீட்டில். ஊழியர் சேமலாப நிதி என்ற பேச்சே இல்லை.

1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் ஜப்பான் லொறிகள் வந்தன. இசுசு, மிட்சுபிசி கென்டர். பிறகு இந்தியாவின் டாட்டா, அசோக் லேலண்ட். வேகம் கூட, எரிபொருள் குறைவு. பெட்போர்ட் கொழும்பு நடையை விட்டு மெல்ல மெல்ல ஊருக்குள் செங்கல், மணல், விறகு ஏற்றும் வேலைக்கு இறங்கியது. இங்கிலாந்திலும் 1987இல் ஜெனரல் மோட்டர்ஸ் அந்தத் தொழிலை விற்றுவிட்டது.

பெட்போர்ட் பின்வாங்கிய அதே காலத்தில் வீதியும் நம்மைக் கைவிட்டது. 1987 ஜூன் 2ஆம் திகதி அம்பாறை – மஹியங்கனை வீதியில் அரந்தலாவையில் இளம் பிக்குகள் பயணம் செய்த பஸ் மறிக்கப்பட்டு அவர்கள் கொல்லப்பட்டார்கள். நமது லொறிகள் நாளும் ஓடிய வீதி அது. 1990 ஜூலையில் கல்முனைப் பக்கமிருந்து காத்தான்குடிக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஹஜ் யாத்திரிகர்களும் வியாபாரிகளும் குருக்கள்மடத்தில் வழிமறித்துக் கொல்லப்பட்டார்கள். அவர்களுக்கு ஜனாஸா நல்லடக்கம்கூட முறையாகக் கிடைக்கவில்லை. அடுத்த மாதம் காத்தான்குடிப் பள்ளிவாசல்கள், ஏறாவூர். அதே ஓகஸ்டில் வீரமுனையில் தமிழ் உறவுகள் கொல்லப்பட்டார்கள். அதையும் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. யானைக்கு மட்டும் பயந்த வீதியில் மனிதருக்குப் பயந்து ஓட வேண்டி வந்தது. சோதனைச் சாவடியில் நிறைபாரத்தையும் இறக்கி, மூட்டை மூட்டையாகக் குத்திப் பார்த்து, திரும்ப ஏற்றச் சொல்வார்கள். ஒரு நடைக்கு இரண்டு மூன்று இடத்தில். சியம்பலாண்டுவையில் சோறு மூடி வைத்த கடைக்காரருக்கும் நமது றைவருக்கும் நடுவே பேச்சுக் குறைந்தது. முகத்துக்குச் சாமான் கொடுத்த புறக்கோட்டை, காசு கையில் வந்த பிறகு கொடுக்கத் தொடங்கியது. லொறி வருமா வராதா என்று தெரியாதபோது யார்தான் கடன் கொடுப்பார்?

சுனாமி 2004இல் மிச்சமிருந்த சில பழைய லொறிகளையும் கொண்டுபோனது. ஆனாலும் அன்று பின்னேரமே உள்ளூரிலிருந்து சோற்றுப் பொதிகளோடு கரைக்கு வந்தவற்றில் லொறிகள்தான் அதிகம். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது மூலையில் கிடந்த கிழட்டு லொறிகளுக்கு மறுபடி விலை வந்தது. 2022 எரிபொருள் வரிசையில் நாள்கணக்கில் நின்ற லொறிகளுக்குள் றைவர்மார் படுத்துக் கிடந்ததை நாம் எல்லோரும் கண்டோம். எழுபதுகளில் இதைவிட மோசம் கண்டோம் என்று ஒரு முதியவர் சிரித்துக்கொண்டு சொன்னார்.

அவர்களில் பலர் இப்போது இல்லை. இருப்பவர்கள் எழுபது, எண்பது வயதில். சிலருக்குக் காது கேட்காது. பெட்போர்ட் இன்ஜினோடு நாற்பது வருடம் இருந்தால் கேட்காதுதான். வீட்டில் பழைய லைசன் புத்தகம், புறக்கோட்டை பில் கட்டு, கணக்குக் கொப்பி, ஸ்ரீ நம்பர் தகடு என்று ஏதாவது கிடந்தால் பழைய கடதாசிக்காரருக்கும் இரும்புக்காரருக்கும் கொடுக்க முன் ஒரு படம் எடுத்து வையுங்கள். தரம் 10 மாணவர்கள் சிலர் இந்த விடுமுறையில் வீடு வீடாகப் போய்ப் பழைய லொறிக்காரர்களின் பட்டியல் ஒன்று எடுத்து வருகிறார்கள். உங்கள் வீட்டுக்கும் வருவார்கள். உரிமையாளர்களின் பெயர்கள் எல்லாம் கிடைத்துவிட்டன. றைவர்மாரின் பெயர்கள் அரைவாசிக்கு மேல் கிடைத்துவிட்டன. கிளீனர்மாரின் பெயர்கள்தான் வருவதில்லை. 'சின்னவன்', 'கறுவல்', 'பொடியன்' என்று பட்டப்பெயர்தான் வருகிறது. சேர்விடாப்பில் அவர்களின் முழுப்பெயரும் வாப்பாவின் பெயரும் இருக்கின்றன, எந்த லொறியில் போனார்கள் என்பது அதில் இல்லை. உங்கள் மூத்தவாப்பாவோ மாமாவோ யாருடைய லொறியில் கட்டை வைத்தார், அவருடைய சொந்தப் பெயர் என்ன, எந்த ஊர் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். பட்டப்பெயர் மட்டும் தெரிந்தாலும் பரவாயில்லை, அதையும் எழுதுங்கள். இடாப்போடு வைத்துத் தேடிப் பார்க்கிறோம்.